அங்கிள் டான் விட்டுப்போன துப்பாக்கி: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன், "நியூயார்க் மாநிலத்தில் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி சேர்க்கும் ஒரு தமிழர்" என்று என்னைப் பற்றி ஆசிரியர் நாலு வரி போட்டாலும் போட்டார், கடிதங்கள் குவிந்துவிட்டன. சில பேர் திட்டியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கான பதில் இது. நான் நிபுணன் இல்லை. சிராக்கியூஸ் பக்கத்தில் ஒரு மெஷின் ஷாப்பில் முப்பது வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். இரும்பைப் பார்த்தால் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

கேள்வி: பார்க்கர், எல்.சி. ஸ்மித் என்று பேர் பெற்ற துப்பாக்கிகள் இருக்க, ஐந்தாறு வருடம்கூடத் தாக்குப் பிடிக்காத டி.எம். லெஃபீவர் என்ற ஒரு கம்பெனியின் சரக்கை ஏன் ஐயா தேடி அலைகிறீர்கள்? (பிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: தாக்குப் பிடிக்கவில்லையே, அதனால்தான். கதையைக் கேளுங்கள்.

டான் லெஃபீவர் 1835-இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் கனண்டைகுவாவில் ரைபிள் செய்து கை பழகி, 1870-களில் சிராக்கியூஸுக்கு வந்தார். அங்கே நிக்கல்ஸ் என்பவரோடு கூட்டு. அது இரண்டு மூன்று வருடத்தில் முடிந்தது. அப்புறம்தான் பெரிய வேலை. அதுவரை இரட்டைக் குழல் துப்பாக்கி என்றால் தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஹேமர் இரண்டு வெளியே முயல் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் ஒவ்வொன்றாக இழுத்து வைக்க வேண்டும். லெஃபீவர் அவற்றை உள்ளே ஒளித்துவிட்டார். அமெரிக்காவில் இதை முதலில் செய்தவர் அவர்தான் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். 1880-களில் லெஃபீவர் ஆர்ம்ஸ் கம்பெனி நன்றாகவே ஓடியது. ஆனால் கையில் தொழில் இருந்தவரிடம் பணம் இல்லை. பணம் போட்டது டர்ஸ்டன் குடும்பம். போகப் போக கம்பெனி அவர்கள் பக்கம் சாய்ந்தது.

1901-இல் என்ன செய்தார் தெரியுமா? அறுபத்தைந்தைத் தாண்டிய வயதில், மகன்களைச் சேர்த்துக்கொண்டு, டி.எம். லெஃபீவர் சன்ஸ் அண்ட் கம்பெனி என்று புதிதாகத் தொடங்கினார். அவருடைய பழைய கம்பெனி அதே ஊரில் அவர் பெயரிலேயே நடந்துகொண்டிருக்கிறது. பேரும் போச்சு, பட்டறையும் போச்சு என்ற நிலையில், தன் பெயரோடு தானே போட்டி போட வேண்டியதாயிற்று. ஒரே பெயரில் எதிரெதிரே இரண்டு அல்வாக் கடை இருந்தால் வாங்க வருகிறவன் எங்கே போவான்? சில வருடங்களில் ஒஹாயோ மாநிலத்து பவுலிங் கிரீனுக்குக் கடையை மாற்றினார். 1906-இல் அங்கேயே காலமானார். அவரோடு கம்பெனியும் போயிற்று.

பார்க்கர் துப்பாக்கியில் ஒரு தொழிற்சாலை தெரியும். இதில் ஒரு கிழவரின் பிடிவாதம் தெரிகிறது. எனக்கு அது போதும்.

கேள்வி: பக்கத்து ஊரில் ஒரு எஸ்டேட் சேல் (வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்பது). "லெஃபீவர்" என்று பொறித்த 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி, விலை 1,800 டாலர் என்கிறார்கள். சிராக்கியூஸ் லெஃபீவர், நூறு வருடம் தாண்டியது என்று சொல்கிறார்கள். குழலின் மேல் கண்ணாடி போட்டுப் பார்த்தால் இத்தாக்கா என்ற ஊர்ப் பெயர் இருக்கிறது. வாங்கலாமா? (டேட்டன், ஒஹாயோ)

பதில்: ஊர்ப் பெயரை நீங்களே படித்துவிட்டு என்னைக் கேட்கிறீர்கள். இந்த விலைக்கு வேண்டாம்.

லெஃபீவர் என்ற பெயரில் சந்தையில் மூன்று ரகம் சுற்றுகிறது. விற்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மீதிப் பாதி தெரியாத மாதிரி இருப்பார்கள்.

முதலாவது, சிராக்கியூஸின் லெஃபீவர் ஆர்ம்ஸ் கம்பெனி செய்தது. இரண்டு பக்கமும் செதுக்கு வேலை செய்த தகடு இருக்கும். தகட்டைப் பார்த்து சைடுலாக், அதாவது சுடும் பொறி பக்கத் தகட்டிலேயே பொருந்திய ரகம், என்று நினைத்துவிடாதீர்கள். ஹேமர், ஸ்பிரிங் எல்லாம் குழல் வந்து மாட்டும் நடு இரும்பான பிரேமுக்குள்தான் இருக்கின்றன, தகடு அழகுக்கும் மூடுவதற்கும். இதன் உண்மையான அடையாளம் கீல். குழலைக் கழற்றிவிட்டு பிரேமின் முன்முனையைப் பாருங்கள். பெரிய தலையோடு ஒரு திருகு தெரியும். மற்ற துப்பாக்கிகளில் தோட்டா போடத் திறக்கும்போது குழல் ஒரு குறுக்கு ஊசியில் மடங்கும். வருடக்கணக்கில் சுட்டால் ஊசி தேய்ந்து குழல் ஆட ஆரம்பிக்கும். லெஃபீவர் அந்த இடத்தில் பந்து மூட்டு வைத்தார். தேய்ந்தால் அந்தத் திருகைச் சிறிது திருப்பினால் இடைவெளி அடைந்துவிடும். முதல் முறை இதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் ஷாப்பில் தேய்ந்த லேத் ஸ்லைடுக்கு நாங்கள் செய்வதும் இதேதான், பாச்சர் என்ற ஆப்புத் தகட்டைச் சற்று உள்ளே தள்ளுவது.

இரண்டாவது, நான் மேலே சொன்ன டி.எம். லெஃபீவர். பக்கத் தகடு கிடையாது. பாக்ஸ்லாக், அதாவது பொறியெல்லாம் பிரேம் என்ற பெட்டிக்குள். பெயரின் முன்னால் டி.எம். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இதன் உச்ச ரகத்துக்கு "அங்கிள் டான்" என்றே பெயர். சந்தையில் கிழவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதை நான் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது உங்களுடையது. 1916-இல் இத்தாக்கா கன் கம்பெனி லெஃபீவர் ஆர்ம்ஸை வாங்கியது. 1921-இலிருந்து லெஃபீவர் நைட்ரோ ஸ்பெஷல் என்று விலை குறைந்த துப்பாக்கி ஒன்றைப் போட்டது. 1940-கள் வரை வந்தது. உள்ளே சுருள் ஸ்பிரிங், வெளியே அலங்காரம் ஏதுமில்லை. மோசமான துப்பாக்கி என்று சொல்ல மாட்டேன், விவசாயிகள் அதை வைத்து நிறைய வேட்டையாடியிருக்கிறார்கள். ஆனால் அதைச் செய்தபோது டான் லெஃபீவர் இறந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெயருக்கு விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். பழம்பொருள்தானே, ஒன்று வாங்கி ஹாலில் மாட்டலாமா? (நார்த் கரோலினா)

பதில்: இதை முதலில் யோசித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் வாங்கிய பிறகு யோசிக்கிறார்கள்.

ஃபெடரல் சட்டப்படி, எச்-1பி மாதிரி குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்துக்கொள்ளக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. இன்னொரு பக்கம், 1968-ஆம் வருடச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டது "ஆன்டிக்". அதை ஃபெடரல் சட்டம் துப்பாக்கியாகவே கணக்கில் எடுப்பதில்லை. மாநிலச் சட்டம் அப்படி விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள், அது ஊருக்கு ஊர் வேறு.

இங்கேதான் வேடிக்கை. சிராக்கியூஸ் லெஃபீவரில் ஏராளமானவை 1898-க்கு முந்தியவை. ஆனால் நான் தேடும் டி.எம். லெஃபீவர் ஒன்றுகூட ஆன்டிக் ஆகாது. அந்தக் கம்பெனி பிறந்ததே 1901-இல். பார்க்க இரண்டும் ஒரே வயசுக் கிழங்கள். சட்டத்தில் ஒன்று பழம்பொருள், மற்றொன்று துப்பாக்கி. ஐம்பது வருடம் கடந்தது என்பதால் அது "கியூரியோ அண்ட் ரெலிக்" கணக்கில் வரும். சேகரிப்பவர்களுக்கென்று அதற்கு ஒரு லைசென்ஸ் இருக்கிறது, மூன்று வருடத்துக்கு 30 டாலர். நான் வைத்திருப்பது அதுதான்.

உங்கள் நிலையில் ஒரு சுவர் அலங்காரத்துக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம். ஆசை அடங்கவில்லை என்றால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், அப்புறம் துப்பாக்கியைப் பாருங்கள்.

கேள்வி: உங்கள் துணைவியார் இதற்கெல்லாம் என்ன சொல்கிறார்? (நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அவரையே கேட்டேன். "மொத்தம் எத்தனை இருக்கிறது என்று இவரை எழுதச் சொல்லுங்கள்" என்றார். பதினொன்று.

கேள்வி: குழலில் பாம்புத் தோல் மாதிரி அழகான கோடுகள் ஓடும் ஒரு துப்பாக்கி என் மாமனார் வழியில் வந்தது. இதில் இப்போது கடையில் கிடைக்கும் தோட்டாவைப் போட்டுச் சுடலாமா? (மிச்சிகன்)

பதில்: கூடாது.

அது டமாஸ்கஸ் குழல். இரும்பு, எஃகுக் கீற்றுகளைச் சேர்த்து முறுக்கி, ஒரு கம்பியின் மேல் கயிறு சுற்றுவது போலச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல். அமில வேலையில் இரும்பும் எஃகும் வேறு வேறு நிறம் காட்டும். அந்தக் கோடுதான் நீங்கள் பார்ப்பது. அமெரிக்கக் கம்பெனிகள் இவற்றைப் பெரும்பாலும் பெல்ஜியத்திலிருந்து வரவழைத்தன. வெடிமருந்து கரும்பொடியாக இருந்த காலத்துக்கு அளந்து செய்தவை அவை.

"என் தாத்தா சுட்டாரே, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். தாத்தா சுட்டபோது குழலுக்கு நூறு வயதாகவில்லை. உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது, அந்தத் துருவை மறைக்க எவன் எவ்வளவு சுரண்டினான் என்பது வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

கோடு இல்லாத எஃகுக் குழலிலும் ஒரு வம்பு இருக்கிறது. அந்தக் காலத்து 12 கேஜ் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) பலவற்றின் நீளம் 2⅝ அங்குலம். இன்றைய தோட்டா 2¾. எட்டில் ஒரு பங்கு அங்குலம்தான் வித்தியாசம். அந்த 2¾ என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடுமுன் வாய் மடிந்திருப்பதால் உள்ளே போடும்போது ஒழுங்காக உட்காரும், துப்பாக்கியும் மூடும். அதனால்தான் ஏமாறுகிறார்கள். சுடும்போது மடிந்த வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும்.

நான் சுடுவது இரண்டே இரண்டு துப்பாக்கியைத்தான். இரண்டும் எஃகுக் குழல். பழைய டபுள் பேரல் தெரிந்த கன்ஸ்மித் சேம்பரை அளந்து, குழலின் சுவர் கனத்தை நெடுக அளந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் சுட்டேன். அதற்கும் குட்டையான, அழுத்தம் குறைந்த தோட்டாதான். வாத்து வேட்டை என்றால் இன்னொரு சிக்கல். 1991-இலிருந்து நாடு முழுக்க அதற்கு ஈயச் சன்னம் கூடாது. எஃகுச் சன்னம் பழைய குழலின் சோக் பகுதியை, அதாவது வாய்ப்பக்கம் சற்றே குறுகும் இடத்தை, கெடுத்துவிடும். பிஸ்மத் போடலாம், விலைதான் கையைக் கடிக்கும்.

கேள்வி: வாங்கிய துப்பாக்கி மங்கிக் கிடக்கிறது. பாலிஷ் போட்டு, குழலுக்குக் கறுப்பு நீலம் ஏற்றி, புதுசு மாதிரி ஆக்கினால் மதிப்பு கூடுமா? (டல்லாஸ்)

பதில்: என் முதல் லெஃபீவரின் கதையைச் சொல்கிறேன். ஜி கிரேடு, எஃகுக் குழல், 1,100 டாலர். குழல் பழுப்பேறிக் கிடந்தது. ஊரில் ரைபிள்களுக்கு நன்றாக நீலம் ஏற்றும் ஒருவர் இருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாளில் கண்ணாடி மாதிரி வந்தது. காரில் திரும்பும்போது சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் எண்ணெய் துடைக்கும்போது, இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டையான ரிப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி மாதிரி ஏதோ கசிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். ரிப் ஆடியது.

நடந்தது இதுதான். ரைபிள் என்பது ஒற்றைக் குழல், ஒரே இரும்பு. அதைக் காரஉப்புக் கரைசலில் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவைத்து நீலம் ஏற்றலாம். இரட்டைக் குழலில் ரிப்பைப் பிடித்திருப்பது வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று. அந்தச் சூட்டில் பற்று உருகாது. ஆனால் காரம் அதை அரித்துத் தின்னும். போதாக்குறைக்கு ரிப்புக்கு அடியில் உள்ள இடுக்கில் உப்பு தங்கி, மாதக்கணக்கில் உள்ளேயிருந்து துருவேற்றும். இரட்டைக் குழலுக்குப் பழைய முறைதான் சரி. மருந்து தடவி மெல்லத் துருப்பிடிக்க வைத்து, வெந்நீரில் வேகவைத்து, தேய்த்து, மறுபடி தடவி, இப்படிப் பல சுற்று. அவர்மேல் தப்பில்லை என்று சொல்ல மாட்டேன், டபுள் பேரலை அந்தத் தொட்டியில் போடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். கேட்காமல் கொடுத்த என்மேலும் தப்பு. ரிப்பை மறுபடி பற்றவைக்க ஆன செலவு துப்பாக்கி விலையில் பாதி.

எனவே தொடாதீர்கள். பிரேமில் ஒரு காலத்தில் நீலமும் வைக்கோல் மஞ்சளும் கலந்து மேகம் மாதிரி நிறம் இருந்திருக்கும். எலும்புக் கரியில் வைத்துச் சூடேற்றிக் கடினமாக்கும்போது வருவது அது. கை படும் இடமெல்லாம் போயிருக்கும். துப்பாக்கியைத் திறக்கும் மேல் லீவருக்கு அடியில், டிரிகர் வளையத்தின் மூலையில், கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தக் கட்டைவிரல் அகல நிறத்துக்குத்தான் சேகரிப்பவன் பணம் கொடுக்கிறான். பாலிஷ் போட்டால் அதுவும் போய்விடும்.

கேள்வி: கன் ஷோவில் ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்தால் முதல் பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பீர்கள்? (சிகாகோ)

பதில்: உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, திறந்து, காலியா என்று பார்ப்பேன். அப்புறம் திருகுத் தலைகள். பழைய வேலைக்காரர்கள் திருகின் வெட்டுகளை எல்லாம் ஒரே திசையில் நேராக நிறுத்தியிருப்பார்கள். வெட்டு சிதைந்திருந்தால் யாரோ தப்பான ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போயிருக்கிறார்கள். அவர் உள்ளே போய் என்ன செய்தார் என்பதுதான் கவலை.

மேல் லீவர் எங்கே நிற்கிறது? புதிதில் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய இடப்பக்கம் நகரும். குழலின் வாயைப் பாருங்கள். இரண்டு குழலுக்கும் நடுவே ரிப் முட்டி இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். ஓட்டை தெரிந்தால் குழலை வெட்டியிருக்கிறார்கள், சோக் போயிற்று. 18 அங்குலத்துக்குக் கீழே வெட்டியிருந்தால் மேசையில் வைத்துவிட்டு நகருங்கள். 1934-ஆம் வருடச் சட்டத்தில் போய் மாட்டும் சமாசாரம் அது.

வரிசை எண் பிரேமில், குழலில், முன்கட்டையின் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) இரும்பில், மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கடைசியில் எனக்குப் பிடித்த பரிசோதனை. முன்கட்டையை எடுத்துவிட்டு, குழலை மட்டும் கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டு. நல்ல குழல் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும். ரிப் எங்காவது விட்டிருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டிய மாதிரி "டப்" என்று அடங்கிவிடும். நீலம் ஏற்றிய என் லெஃபீவரை அப்படித் தட்டிப் பார்க்க எனக்கு நாலு மாதம் வரை தோன்றவில்லை.

கேள்வி: லெஃபீவர் தவிர, இப்படி அற்பாயுசில் போன வேறு கம்பெனிகள் உண்டா? (சான் ஹோசே)

பதில்: எத்தனையோ. சிராக்கியூஸிலேயே சிராக்கியூஸ் ஆர்ம்ஸ் கம்பெனி இருந்தது. அதன் மூளை ஃபிராங்க் ஹாலன்பெக். அவரே பிறகு மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில்லில், மேலே இரண்டு ஷாட்கன் குழல், அடியில் ஒரு ரைபிள் குழல் என்று மூன்று குழல் துப்பாக்கி செய்தார். அதுவும் நிலைக்கவில்லை.

ஆன்ஸ்லி ஃபாக்ஸின் கதை இன்னும் ருசி. பால்டிமோரில் ஒரு கம்பெனி, நிற்கவில்லை. ஃபிலடெல்ஃபியா ஆர்ம்ஸ் என்று இன்னொன்று, அதுவும் சில வருடம்தான். பிறகு அதே ஃபிலடெல்ஃபியாவில் ஏ.எச். ஃபாக்ஸ் கன் கம்பெனி தொடங்கினார். அது பிடித்துக்கொண்டது. 1909-இல் தியடோர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கா போகும்போது கையில் ஒரு ஃபாக்ஸ். அந்தத் துப்பாக்கி 2010-இல் ஏலத்தில் 8,62,500 டாலருக்குப் போனது. ஆனால் மனிதர் தன் கம்பெனியிலும் நிற்கவில்லை. வெளியே வந்து 1920-களின் தொடக்கத்தில் காற்றால் குளிரும் இன்ஜின் வைத்து ஃபாக்ஸ் என்றே ஒரு கார் செய்தார். அதுவும் இரண்டு மூன்று வருடத்தோடு சரி.

சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு ஃபிலடெல்ஃபியா ஆர்ம்ஸ் நல்ல இடம். ஃபாக்ஸ் என்றால் ஓடி வருகிறவர்கள் இந்தப் பெயரைப் பார்த்தால் யோசிப்பார்கள்.

கேள்வி: உங்களிடம் இருக்கும் டி.எம். லெஃபீவர் முதலில் யாருக்கு விற்கப்பட்டது என்று கண்டுபிடித்தீர்களா? (ரோசெஸ்டர்)

பதில்: எல்.சி. ஸ்மித் வைத்திருப்பவர் வயோமிங்கின் கோடி நகர அருங்காட்சியகத்துக்கு வரிசை எண்ணை எழுதிப் போட்டால், பழைய பேரேட்டைப் பார்த்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. துப்பாக்கி சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

என்னுடையது 12 கேஜ், 28 அங்குலக் குழல். ஒஹாயோவில் ஒரு பண்ணை ஏலத்தில் எடுத்தேன். இடது குழலைவிட வலது குழல் உள்ளே அதிகம் தேய்ந்திருக்கிறது. முன் டிரிகரையே அதிகம் இழுத்திருக்கிறார். பிடியில் செதுக்கிய கட்டங்கள் இடது பக்கம் மழுங்கி, வலது பக்கம் கூர்மையாக இருக்கின்றன. இடது கைக்காரராக இருக்கலாம் என்பது என் ஊகம்.

தோளில் அணைக்கும் கட்டையின் பின்தகட்டைப் போன மாதம் கழற்றினேன். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு. கட்டை அவருக்குக் கொஞ்சம் குட்டை, நீளம் கூட்ட வைத்திருக்கிறார். வெந்நீர் ஆவியில் காட்டி, சமையலறை மேசையில் பிரித்தேன். ஒரு பக்கம் சேணத்துக்கு விளம்பரம். மறு பக்கம் அந்த வாரத்துச் சந்தை விலை. வைக்கோல், கோதுமை, வெண்ணெய் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முட்டை டஜன் எவ்வளவு என்று பார்த்தேன். அந்த இடத்தில் திருகு போன ஓட்டை.